திம்பம் ஏற்றத்தில் திணறும் பத்மினி: பெட்ரோல் எங்கே தடைபடுகிறது?

கோபி பத்மினி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாரு வாங்கிய 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. 1089 சிசி எஞ்சின், சோலெக்ஸ் கார்புரேட்டர், எஞ்சினால் இயங்கும் பெட்ரோல் பம்ப் என எல்லாம் பழைய அமைப்பிலேயே உள்ளன. கோபியிலிருந்து சத்தி (சத்தியமங்கலம்) வரை சமதளத்தில் எந்தக் குறையும் தெரிவதில்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் மலைச்சாலை ஏற்றத்தில் சில வளைவுகள் ஏறியதும் வண்டி இழுக்க மறுக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் சோர்ந்து, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுகிறது. கால்மணி நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஸ்டார்ட் ஆகி, அடுத்த சில வளைவுகளுக்குப் பிறகு அதே கதையாகிறது. பட்டறையில் பிளக், பாயின்ட், கண்டென்சர், காயில் அனைத்தையும் மாற்றிவிட்டார்கள். கார்புரேட்டரையும் இருமுறை கழற்றித் துடைத்துவிட்டார்கள். இப்போது பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன் குறை எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சங்ககிரிப் பட்டறை:

தம்பி, பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. காயிலோ கண்டென்சரோ சூட்டில் கைவிட்டால், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல எஞ்சின் சட்டென்று நிற்கும். பெட்ரோல் வரத்துக் குறைந்தால்தான் இப்படி மெல்லமெல்லச் சோர்ந்து, குலுங்கி நிற்கும். ஆனாலும் ஊகத்தில் விடாமல், வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே திராட்டிலை (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவை) கையால் ஒரே வீச்சில் திறங்கள். கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் சிறு ஆக்சிலரேட்டர் பம்பின் குழாயிலிருந்து பெட்ரோல் கோடுபோலப் பீச்சினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று பொருள்; அப்போது மின்சாரப் பக்கம் திரும்பலாம். ஒன்றும் வரவில்லையென்றால் கிண்ணம் காலி. வண்டி நன்றாக ஓடும்போதும் இதே சோதனையைச் செய்து, பீச்சுவது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டர் பம்பே பழுதாக இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

இதை ஏற்றத்திலேயே செய்ய வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வண்டி பட்டறைக்கு வந்து சேரும்போது குறை மறைந்துவிடுகிறது. நின்ற இடத்தில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. அதனால்தான் பட்டறைகளில் கைக்குக் கிடைத்த பொருளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். நின்ற உடனே செய்ய வேண்டிய இரண்டாவது காரியம், பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. காற்றை உள்ளே இழுக்கும் 'உஸ்' என்ற ஓசை கேட்டு, அடுத்த நிமிடமே வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். வழியில்லையென்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எந்தப் பம்பாலும் இழுக்க முடியாமல் போகும். பழைய மூடி தொலைந்துபோய், துளையில்லாத வேறு வண்டி மூடியைப் போட்டு ஓட்டுபவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கரூர் அம்பாசிடர்:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இது ஏர் லாக்தான், அதாவது பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைப்பதுதான் என்பது என் கருத்து. எங்கள் அம்பாசிடரிலும் சித்திரை வெயிலில் கரூர்–ஈரோடு சாலையில் இதே தொல்லை இருந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 விழுக்காடாகிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் விரைவாக ஆவியாகிறது. பம்புக்குள்ளேயே ஆவி நிரம்பினால் டயாப்ரம் (பம்புக்குள் மேலும் கீழும் அசையும் சவ்வு) ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. நின்றவுடன் பம்பின்மேல் ஈரத் துணியைப் போட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் டேங்குக்கு அருகில் ஒரு 12 வோல்ட் எலக்ட்ரிக் பம்ப் வைத்துவிடலாம்.

பொள்ளாச்சி ஹெரால்டு:

நண்பர் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஏர் லாக் என்றால் சமதள வெயிலிலும், குறிப்பாக ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், சூடான வண்டியை அணைத்துவிட்டு மீண்டும் எடுக்கும்போதும்தான் அதிகம் தெரியும். இவருக்கு ஏற்றத்தில் மட்டும் வருகிறது. ஏன் ஏற்றத்தில் மட்டும் என்ற கேள்விக்கு விடை தேடினால் இடம் தானாகவே அகப்படும்.

ஏற்றத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது, தேவை கூடுகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் மணிக்கு 5 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 மில்லி குடிக்கிறது. இரண்டாம் கியரில் முழு அழுத்தத்தில் ஏறும்போது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்படும். ஃப்ளோட் கிண்ணத்தில் தேங்கியிருப்பது அந்த வேகத்தில் அரை நிமிடத்துக்குக்கூட வராது. ஆகவே வரத்து சற்றுக் குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, வண்டியின் மூக்கு மேலே தூக்குவதால் பின்னால் இருக்கும் டேங்க் முன்னால் இருக்கும் பம்பைவிட இன்னும் தாழ்ந்துபோகிறது. பம்ப் கூடுதல் உயரத்துக்கு உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மூன்றாவது, டேங்கில் பெட்ரோல் பின்பக்கம் சாய்கிறது. அடியில் படிந்திருக்கும் துருவும் சகதியும் கலங்கி, உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டுகின்றன. வண்டி நின்றதும் இழுப்பு நின்று, ஒட்டியது உதிர்கிறது. கால்மணி நேரம் கழித்துக் கிளம்புவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த மூன்றுமே டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட உறிஞ்சும் பக்கத்தைத்தான் சோதிக்கின்றன. பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள பகுதியில் கசிவு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், வாடையும் அடிக்கும். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குப் படாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறது. பம்பின் உள்வழியில் ஒரு சாண் நீளத்துக்கு நிறமில்லாத ட்யூபைப் பொருத்திப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று புகுகிறது. குமிழி இல்லாமல் ட்யூபே உள்வாங்கிச் சப்பினால் டேங்கில் அடைப்பு. சோதனை முடிந்ததும் அந்த ட்யூபைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலில் அது சில வாரங்களிலேயே விறைத்துவிடும். எங்கள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பழைய ஏசி (AC) நிறுவனப் பம்பில் கண்ணாடிக் கிண்ணம் இருப்பதால் இந்த வேலை எனக்கு எளிது.

எலக்ட்ரிக் பம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உறிஞ்சும் குழாயில் விரிசல் இருக்கும்போது டேங்குக்கு அருகில் பம்பை வைத்துத் தள்ளினால், இதுவரை காற்றை இழுத்த விரிசல் பெட்ரோலைப் பீச்சத் தொடங்கும். சைலன்சருக்கு அருகில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கார்புரேட்டர்களுக்கு 3 பிஎஸ்ஐ அழுத்தமே போதுமானது. இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்ப் இதைப்போல் பல மடங்கு அழுத்தத்தில் தள்ளி, கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வையே திறந்து வழியவிடும்.

கோபி பத்மினி:

அனைவருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளை ஏற்றத்திலேயே செய்து பார்த்தேன். வண்டி நின்றவுடன் திராட்டிலைத் திறந்தபோது ஒரு சொட்டும் பீச்சவில்லை. வீட்டில் அதே சோதனையில் நன்றாகப் பீச்சியது. ஆகவே கிண்ணம் காலி என்பது உறுதி. மூடியைத் திறந்தபோது ஓசை ஏதும் இல்லை, திறந்து வைத்தும் மாற்றமில்லை. ஈரத் துணி போட்டதில் வேறுபாடு தெரியவில்லை. வீட்டில் பம்பின் வெளிவழிக் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் துடிப்புத் துடிப்பாக நன்றாக வருகிறது. நிறமில்லாத ட்யூபை இன்னும் பொருத்தவில்லை. பம்ப் நன்றாக இருக்கிறது என்று இப்போதே முடிவு செய்துவிடலாமா?

ஒண்டிப்புதூர் லேத்:

பாட்டில் சோதனையைத் துடிப்பைப் பார்த்து முடிக்காமல் அளந்து பாருங்கள். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலிலேயே எஞ்சின் சிறிது நேரம் ஐடிலிங்கில் ஓடும். அந்த நேரத்தில் பம்பிலிருந்து வருவதை அளவு போட்ட பாட்டிலில் பிடியுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் வந்தால் பம்ப் தன் வேலையைச் செய்கிறது. ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்ப்பதென்றால் காயிலின் நடு வயரைப் பிடுங்கி எர்த்தில் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது. சூடான எஞ்சினில் இதைச் செய்யவே வேண்டாம். அருகில் தீயணைப்பு உருளை இருக்கட்டும்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதை நம்பலாம் என்பதும் தெரியும். எஞ்சினோடு சுற்றும் கேம்ஷாஃப்ட், பம்பின் நெம்புகோலை அசைத்து டயாப்ரத்தைக் கீழே இழுக்கிறது. அதுதான் உறிஞ்சும் வேலை. மேலே தள்ளுவது எஞ்சின் அல்ல, அடியில் இருக்கும் ஸ்ப்ரிங். ஆகவே அழுத்தத்தை நிர்ணயிப்பது அந்த ஸ்ப்ரிங்தான். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது கூடாது. கார்புரேட்டரில் நீடில் வால்வு மூடியிருக்கும்போது டயாப்ரம் கீழேயே நிற்கும், நெம்புகோல் மட்டும் சும்மா ஆடும். வால்வு திறந்தால் ஸ்ப்ரிங் மறுபடி தள்ளும்.

பட்டறைகளில் பலரும் கவனிக்காத ஓர் இடம், பம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங். சூடு ஏறாமல் இருக்கத் தடிமனான ஓர் அடையும் அதன் இருபுறமும் மெல்லிய பேக்கிங்குகளும் இருக்கும். ஆயில் கசிகிறது என்று ஒருவர் கூடுதலாக ஒரு பேக்கிங்கை வெட்டிப் போட்டால், அந்தத் தடிமன் அளவுக்கு நெம்புகோலின் வீச்சு குறைந்து, டயாப்ரம் முழுமையாக இறங்காது. ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் தெரியும். கழற்றியவர்கள் கழற்றியதைத்தான் திரும்பப் போட்டார்களா என்று பாருங்கள். பம்ப் உள்வழியில் வெற்றிட கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, பாதரசக் கணக்கில் ஆறு அங்குலத்துக்கு மேல் காட்டி, நிறுத்திய பிறகும் முள் சட்டென்று விழாமல் நின்றால், டயாப்ரமும் வால்வுகளும் நலமாக உள்ளன.

சங்ககிரிப் பட்டறை:

லேத் நண்பர் சொன்ன பேக்கிங் விஷயம் மிகவும் முக்கியமானது. நானும் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். தம்பி, அளந்து பார்த்துவிட்டு, பிறகு அந்த ட்யூபைப் பொருத்தி ஏற்றத்துக்கே போங்கள். ஒருவர் ஓட்டும்போது வேறொருவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். வண்டி சோரத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தால் போதும்.

கோபி பத்மினி:

குறை அகப்பட்டுவிட்டது, முழு விவரத்தையும் எழுதுகிறேன். பாட்டில் அளவில் பம்ப் அரை லிட்டருக்குச் சற்று மேலேயே கொடுத்தது. பேக்கிங் பழைய அளவிலேயே இருந்தது. ஏற்றத்தில் வண்டி சோர்ந்தவுடன் ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது, நிறமில்லாத ட்யூபில் கடுகளவுக் குமிழிகள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. இடையிடையே விரல் நீளத்துக்குப் பெட்ரோலே இல்லாத வெற்றிடமும் வந்தது.

டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் முடிந்து, பம்புக்கு வளைந்து செல்லும் குட்டை ரப்பர் ஹோஸைத்தான் முதலில் கழற்றினேன். வெளியிலிருந்து பார்க்கக் கறுப்பாக, நன்றாகவே இருந்தது. இரு கைகளாலும் மடக்கிப் பார்த்தபோது, கிளிப் இறுக்கிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை போன்ற பிளவுகள் வரிசையாக வாய் திறந்தன. உள்சுவர் பிசுபிசுத்து, தேய்த்தால் விரலில் கறுப்பு மை ஒட்டியது. ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாயால் ஊதியதற்கே குமிழி வந்தது. எஞ்சின் இழுவையில் சற்று அசையும்போது அந்த வளைவு விரிந்து காற்றை உள்ளே விட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அத்துடன் விடாமல் டேங்கையும் இறக்கிவிட்டேன். உறிஞ்சு குழாயின் வலையில் பாதிக்கு மேல் செந்நிறச் சகதி அப்பியிருந்தது. இப்போது டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே பூசும் கோட்டிங் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

சங்ககிரிப் பட்டறை:

மிக நன்று. டேங்க் விஷயத்தில் முதலில் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் இருந்த டேங்கை, எத்தனை மாதம் காலியாகக் கிடந்தாலும், வெல்டிங் முனைக்கோ ஈயம் வைக்கும் விளக்குக்கோ நேரடியாகக் கொண்டுபோகாதீர்கள். தகட்டு மடிப்புகளில் தங்கிய ஆவி போதும், டேங்க் வெடித்துவிடும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்தானது. ஓட்டை இருந்தால், கொதிநீரில் அலசி ஆவியை வெளியேற்றத் தெரிந்த ரேடியேட்டர் பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

துருவுக்கு எலுமிச்சை உப்பே (சிட்ரிக் அமிலம்) போதும். வெந்நீரில் கரைத்து முழுதாக நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டுக் கொட்டி, உள்ளே சிறு சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கி அலசுங்கள். பிறகு சோடா உப்பு கரைத்த நீரில் கழுவி, உடனே காய வைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் மறுபடி துரு பூக்கும். தகடு உறுதியாக இருந்தால் கோட்டிங் வேண்டாம் என்பேன். பழைய வகைக் கோட்டிங்குகள் எத்தனாலில் உரிந்து, தோல் தோலாக வந்து அதே வலையை அடைக்கின்றன. அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரும்பாடு.

கரூர் அம்பாசிடர்:

இந்த வண்டியில் ஏர் லாக் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. எத்தனால் பங்கு வேறு விதத்தில் இதில் இருக்கிறது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த ஹோஸின் உட்புறம் மை போலக் கரைந்திருப்பது அதன் அடையாளம். பழைய ரப்பர் எத்தனாலில் ஊதும், மெதுமெதுப்பாகும், காய்ந்தால் வெடிக்கும். புதிதாக வாங்கும்போது வெறுமனே பெட்ரோல் ட்யூப் என்று கேட்காமல், மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்; அதன் உள்சுவர் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர். பம்ப் டயாப்ரமும் நீடில் வால்வின் நுனியும் அதே கதிதான், பழையதாக இருந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. எத்தனால் நீரையும் ஈர்க்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், அளவுக்கு மேல் நீர் சேர்ந்தவுடன் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். உறிஞ்சு குழாய் முதலில் இழுப்பது அதைத்தான். நிறுத்தி வைப்பதென்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட் விஷயமும் உண்டு. வெறும் பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 போதும். அதே ஜெட்டில் ஓட்டினால் கலவை மெலிந்துதான் எரிகிறது. பிளக் முனை வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டிப் பார்க்கலாம். சோலெக்ஸ் ஜெட்டின் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர் துளை. கம்பி விட்டுக் குத்திப் பெரிதாக்குவது கூடவே கூடாது.

கோபி பத்மினி:

ஆர்9 ஹோஸ் கோவையில் கிடைத்தது. டேங்கைச் சுத்தம் செய்து, வலையை மாற்றி, டேங்க் முதல் பம்ப் வரை இருந்த எல்லா ரப்பரையும் மாற்றி, செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டேன். வீட்டார் நால்வருடன் திம்பத்தின் 27 வளைவுகளையும் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறியது. ட்யூபில் குமிழி இல்லை என்று உறுதி செய்தபின் அதையும் கழற்றிவிட்டேன். பம்ப் பழையதுதான், டயாப்ரத்தை மட்டும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிக்கொள்ளப் போகிறேன்.

ஒரே ஒரு குறை மிச்சமிருக்கிறது. மேலே ஏறித் தேநீருக்காகப் பத்து நிமிடம் நிறுத்தினால், திரும்ப ஸ்டார்ட் ஆக வெகுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. கிளம்பிவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. அப்போது கார்புரேட்டருக்கு அருகில் பெட்ரோல் வாடை அடிக்கிறது.

பொள்ளாச்சி ஹெரால்டு:

இது முந்தைய குறைக்கு நேர் எதிரானது. பெட்ரோல் போதாமல் அல்ல, மிகுந்துபோய் நிற்கிறது. எஞ்சினை அணைத்ததும் குளிர்விக்கும் காற்றும் நீரோட்டமும் நின்று, கார்புரேட்டரின் சூடு சில நிமிடங்களுக்கு ஏறிக்கொண்டே போகும். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்வழியில் வழிகிறது. கரூர் நண்பர் சொன்ன எத்தனால் ஆவி இங்கேதான் பொருந்துகிறது. சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடாமல், பாதிக்கு மேல் மெதுவாக அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். மிகுந்த பெட்ரோலை, திராட்டில் திறந்து உள்ளே போகும் காற்று வெளியேற்றிவிடும். ஒவ்வொரு மிதிக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதற்குப் பின்னும் தொடர்ந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கார்புரேட்டரின் அடியில் சூடு தடுக்கும் தடித்த அடை இருக்கிறதா, அல்லது பட்டறையில் கழற்றியபோது வெறும் காகித பேக்கிங்கோடு திரும்ப மாட்டிவிட்டார்களா என்பது ஒன்று. நீடில் வால்வு முழுதாக மூடுகிறதா என்பது மற்றொன்று. நுனியில் நகத்தால் தடவினால் வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அதை மாற்ற வேண்டும். அதே அளவு வாஷரோடு மாற்றுங்கள். வாஷரின் தடிமன் மாறினால் ஃப்ளோட் மட்டமும் மாறிவிடும்.